நாலு மணிப் பலகாரத்திலிருந்து தொடங்குவோம்: பிள்ளைகளின் உடல்பருமன் குறித்துக் குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் மாவட்டத்தில் ஒரு பிள்ளையின் உடல்பருமனைப் பற்றி முதலில் வாய் திறப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே அமர்ந்திருக்கும் உறவினர்தான். ஒருவர் "நல்லா கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு பட்டிரும்" என்பார், அடுத்த இலைக்காரர் "இப்பவே இப்படின்னா..." என்று இழுப்பார். பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கும். என் மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்த இரண்டாவது பேச்சை நானே வேறு சொற்களில் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். அதனால் அவன் குறைத்துச் சாப்பிடவில்லை. ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டான். சிப்ஸ் உறைகள் மெத்தைக்கு அடியில் கிடைத்த நாளில்தான் நான் கணக்கைத் தவறான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன் என்று புரிந்தது.

பரம்பரை, உறக்கம், விளையாட நேரம், வீட்டில் கையெட்டும் தூரத்தில் இருக்கும் பண்டம் ஆகிய எல்லாம் சேர்ந்தே பிள்ளையின் எடையைத் தீர்மானிக்கின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் 2015-16இல் 2.1 விழுக்காடாக இருந்து, 2019-21இல் 3.4 விழுக்காடாகக் கூடினர். அந்த இடைவெளியில் நம் பரம்பரை மாறியிருக்க வழியில்லை. மாறியவை வீடும் கடைத்தெருவும்தான். சந்தைக்குப் போகிறவர், சமைக்கிறவர், டியூஷன் நேரத்தை முடிவு செய்கிறவர், கைப்பேசியைக் கையில் கொடுக்கிறவர் என்று எல்லாரும் பெரியவர்களாக இருக்கும்போது, "நீ கட்டுப்பாடாக இரு" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பருமனான பிள்ளையைச் "சரியான பருவம்" என்றும், இயல்பான எடையுள்ள பிள்ளையை "மெலிஞ்சு போச்சு" என்றும் சொல்லிப் பழகிய கண்கள் நம்முடையவை. செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரைத் தொடும்படி பிள்ளையை நிறுத்தி, தலையின் மீது ஒரு தடித்த புத்தகத்தைக் கிடையாக வைத்து உயரத்தைக் குறியுங்கள். மெல்லிய உடையில் எடை பாருங்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைக்கும் எண்தான் உடல் நிறை குறியீடு. பெரியவர்களுக்குச் சொல்லப்படும் 25, 30 என்ற வரம்புகள் பிள்ளைகளுக்குப் பொருந்தா. வயதுக்கும் ஆண், பெண் வேறுபாட்டுக்கும் ஏற்ப அட்டவணையில் பார்க்க வேண்டும். 5 முதல் 18 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளுக்காக இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையாயின் நீங்களாகக் கணக்குப் போடாமல் அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ உயரத்துக்கேற்ற எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதைக் கடந்த பிள்ளைக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தால் கவனிக்கத் தொடங்க வேண்டும்.

இந்த எண்ணில் பெற்றோருக்கு ஆறுதலான ஓர் உண்மையும் இருக்கிறது. 138 சென்டிமீட்டர் உயரமும் 42 கிலோ எடையும் உள்ள பத்து வயதுப் பையனின் குறியீடு ஏறத்தாழ 22. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி அந்த வயதில் 21.4க்கு மேல் சென்றால் உடல்பருமன். அவன் அடுத்த ஓராண்டில் 6 சென்டிமீட்டர் வளர்ந்து, எடை மட்டும் அதே 42இல் நின்றால், குறியீடு சுமார் 20.3 ஆகிவிடும், ஒரு கிலோகூடக் குறையாமலேயே பருமன் வரம்பிலிருந்து அவன் இறங்கிவிடுவான். வளரும் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு வேண்டியது எடைக் குறைப்பன்று, எடை ஏறாமல் நிற்பது. ஆகவே பட்டினி, எடைக் குறைப்புப் பொடிகள், ஒருவேளைச் சோற்றை நிறுத்துதல் போன்ற எதுவும் தேவையில்லை; அவை உயரத்தின் வளர்ச்சியையும் சேர்த்துத் தடுக்கக்கூடும்.

நாலு மணி

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் விடை எப்போதும் ஒன்றுதான்: பள்ளி விட்டு வரும் நேரத்திலிருந்து. பன்னிரண்டரைக்கு டப்பாவில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளை, நாலரை மணிக்கு வேனிலிருந்து முடுக்கில் இறங்கும்போது உண்மையான பசியோடு இறங்குகிறது. ஐந்து மணிக்கு டியூஷன். இடையில் இருக்கும் அரை மணி நேரத்தில் வீட்டில் எதுவும் ஆயத்தமாக இல்லையென்றால், முக்குக்கு முக்கு இருக்கும் பேக்கரிதான் அடுப்பாகிவிடுகிறது. ஒரு பப்ஸ், ஒரு துண்டு கேக் அல்லது பழ பஜ்ஜி, கூடவே இனிப்புப் பானம் என்று அது பழகிப்போகிறது. பிறகு ஒன்பது மணிக்கு, கைப்பேசியைப் பார்த்தபடியே இரவுச் சாப்பாடு. மார்த்தாண்டமானாலும் நாகர்கோவிலானாலும் நான் பேசிய வீடுகளில் கதை ஏறக்குறைய இதுவேதான்.

முதல் இரண்டு வாரங்கள் எதையும் மாற்ற வேண்டாம்; யாரிடமும் அறிவிக்கவும் வேண்டாம். நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் வீட்டிலுள்ள எல்லாரும், பெரியவர்கள் உட்பட, என்ன தின்றார்கள், என்ன குடித்தார்கள் என்று நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். எழுதும்போதுதான் சாயாவில் போடும் சீனி நம் கண்ணில் படும். தேக்கரண்டி ஒன்றுக்கு 5 கிராம் என்று கொண்டால், இரண்டு கரண்டி போட்ட மூன்று வேளைச் சாயாவில் 30 கிராம் சீனி போய்விடுகிறது. அது மட்டுமே 120 கலோரி.

மூன்றாவது வாரத்தில் பானத்தில் கை வையுங்கள், தின்பண்டத்தில் அல்ல. குடிக்கும் இனிப்பு வயிற்றை நிரப்புவதில்லை என்பதால், அதை எடுத்துவிட்டாலும் பிள்ளைக்குப் பசி கூடாது; எனவே சண்டையும் குறைவாக இருக்கும். குளிர்பானப் புட்டியின் பின்னால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருக்கும். வழக்கமான வகைகளில் அது 10 கிராமைத் தாண்டும். 300 மில்லி புட்டி ஒன்றில் ஆறு தேக்கரண்டி. பாலில் கலக்கும் பொடிகளையும் இதே கண்ணோடு படியுங்கள். "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்பதைக் காட்டி, அந்தத் தலைப்பின் கீழ் அவற்றை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பாலுக்குப் பொடி தேவையில்லை. சாயாவில் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, பத்து நாள் கழித்து ஒன்றாக்குங்கள். நாக்கு அதற்குள் பழகிவிடும். கருப்பட்டி போட்டால் கணக்கில் வராது என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மணமும் சுவையும் அதற்கு உண்டு, நானும் விரும்பிக் குடிப்பவள்தான். ஆனால் பருமனைப் பொறுத்தவரை கருப்பட்டியும் சர்க்கரையே. அக்கானியும் (பதநீர்) அப்படித்தான், பருவத்தில் எப்போதாவது குடித்தால் போதும். தாகத்துக்குத் தண்ணீர், மோர், சீரகம் போட்டு ஆற்றிய வெந்நீர்.

அதன்பிறகே பலகாரம். பிள்ளை கேட்பது பலகாரம் என்றாலும் அதற்கு வேண்டியது ஒருவேளை உணவுதான் என்று எண்ணிப் பாருங்கள். அப்போது தேர்வு எளிதாகிவிடும். முந்தின இரவே ஊறப்போட்ட சிறுபயறோ கடலையோ அவித்துத் தாளித்தால் பத்து நிமிட வேலை. ஏத்தன் (நேந்திரம்) பழத்தை ஆவியில் அவித்து நறுக்கிக் கொடுத்தால் பஜ்ஜியை மறக்கும் பிள்ளைகள் உண்டு, மறக்காத பிள்ளைகளும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் சிறியது, ஒரு பிள்ளைக்கு இரண்டு என்பது சரியான அளவு. அவித்த முட்டை, அவல் நனைத்தது, சீசனில் சக்கைச்சுளை (பலாச்சுளை) நாலைந்து என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். அவை சமையலறை மேடையில், பிள்ளையின் கண்ணுக்கு நேரே, மூடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சிப்ஸை அடியோடு தடை செய்யாதீர்கள். ஏத்தங்காய்ச் சிப்ஸ் இல்லாமல் இந்த மாவட்டத்தில் ஒருவரும் வாழ்ந்ததில்லை. தடை செய்தால் மெத்தைக்கு அடியில்தான் போகும். 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது, அதே எடையுள்ள பழத்தில் அதில் ஏறத்தாழ கால் பங்குதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அரைக் கிலோப் பொட்டலத்துக்குப் பதில் நூறு கிராம் வாங்குங்கள். வாங்கியதைக் கிண்ணத்தில் பகிர்ந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து தின்னுங்கள். வீட்டில் இருப்பு வைக்காததை மறைத்து வைக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவுக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. பெற்றோர் கூட்டத்தில் இதை எழுப்ப ஒருவர் தயங்கினாலும், நாலு பேர் சேர்ந்தால் தயக்கம் போய்விடும். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதும் மிட்டாய் கொடுப்பதற்குப் பதில் பென்சில் கொடுக்கலாம் என்ற சிறு ஏற்பாட்டையும் அங்கேயே பேசி முடிக்கலாம்.

இலையில் என்ன மாறும்

நம் சமையலுக்கு இந்த விஷயத்தில் நல்ல அடித்தளம் இருக்கிறது. துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), அவியல், புளிசேரி, மீன்குழம்பு, கஞ்சியும் பயறும் என்று காய்க்கும் பயறுக்கும் மீனுக்கும் இங்கே குறையே இல்லை. சோறு நடுவில் மலைபோலவும் துவரன் ஓரத்தில் ஊறுகாய்போலவும் இருப்பதுதான் சிக்கல். தட்டில் முதலில் துவரனையும் அவியலையும் பாதியிடம் நிறைய வைத்துவிட்டு, மீதியிடத்தில் சோற்றையும் மீனையும் வையுங்கள். இரண்டாவது முறை கேட்டால், கொஞ்சம் பொறுத்து, முதலில் கறியைக் கொடுங்கள். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியச் சற்று நேரம் ஆகும். தேங்காயை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் துவரனுக்கும் தேங்காய், குழம்புக்கும் தேங்காய், தாளிக்கத் தேங்காயெண்ணெய் என்று ஒரே வேளையில் மூன்றும் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று எழுதி வைத்து, அடுத்த மாதம் அரை லிட்டர் குறைத்து வாங்குவது, ஒவ்வொரு கறியிலும் கரண்டியை எண்ணுவதைவிட நடைமுறைக்கு ஒத்துவரும்.

சாளை, அயலை, நெத்திலி மீன்கள் மலிவான, சிறந்த புரத உணவுகள். அவற்றைப் பொரிப்பதை வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு மற்ற நாள்களில் குழம்பாகவோ, அவித்து மிளகு தடவியோ கொடுங்கள். மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசிக்கு மாற்றாக ஏழைகளின் பசியைத் தீர்க்கும் என்று இந்தக் கிழங்கைப் பரப்பினார். மாற்று என்பதுதான் அதன் பிறப்புக் கணக்கு. இன்றைக்கோ மரச்சீனியை மீன்குழம்போடு ஒரு வயிறு தின்றுவிட்டு, அதன்மேல் சோறும் உண்கிறோம். மரச்சீனி உள்ள நாளில் சோறு வேண்டாம். சோறு உள்ள நாளில் மரச்சீனி வேண்டாம். புட்டுக்கும் இதே பார்வைதான்: ஒரு குழல் புட்டுக்கு நிறையப் பயறு அல்லது கடலைக்கறி, சீனி இல்லாமல்.

இதற்கெல்லாம் மேலான ஒரு விதியைப் பெற்றோர் கைக்கொள்ள வேண்டும். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரு பருக்கை மீதமில்லாமல் தின்று முடிக்கச் சொல்வதும், பிறகு பருமனாகிவிட்டான் என்று ஏசுவதும் ஒரே வாயிலிருந்து வரக் கூடாது. மீதியானால் மூடி வையுங்கள். சாப்பிடும்போது தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும், முதலில் உங்களுடையது.

ஆச்சியும் வெளிநாட்டு அப்பாவும்

"மக்களே, வயிறு ஒட்டிக் கிடக்கு, இன்னும் ரெண்டு தோசை தின்னு" என்று சொல்லும் ஆச்சியை எதிரியாக நினைத்தால் எந்த மாற்றமும் மூன்று நாளைத் தாண்டாது. பற்றாக்குறையைக் கண்ட தலைமுறைக்கு ஊட்டுவதுதான் அன்பு. அந்த அன்புக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். நான் என் மாமியிடம், "மாமி, நாலு மணிக்குள்ளது இனி உங்க பொறுப்பு, உங்க மகனுக்குச் சின்ன வயசுல அவிச்சுக் கொடுத்ததையே இவனுக்கும் கொடுங்க" என்றேன். அதன்பிறகு பேக்கரிப் பொட்டலத்தைத் தடுக்கும் காவலே அவர்கள்தான். கொழுக்கட்டையில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகவே விழுந்தது என்பதும் உண்மை. அதை நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

வளைகுடாவிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அப்பாவின் பெட்டி நிறைய மிட்டாய் இருப்பதும், காணொளி அழைப்பில் "என்னலே குண்டா" என்று செல்லமாகக் கூப்பிடுவதும் நம் வீடுகளில் சாதாரணம். கேலியால் எந்தப் பிள்ளையும் மெலிந்ததில்லை. வெட்கத்தால் விளையாடப் போவதை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. அழைப்புக்கு முன்பே கணவரிடம் தனியாகப் பேசி, எடையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், "இன்னைக்கு என்ன விளையாடினே?" என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மிட்டாய்க்குப் பதில் நல்ல காலணியோ பந்தோ கொண்டுவரச் சொல்லுங்கள். மெலிந்திருக்கும் அக்காவுக்கு ஒரு சாப்பாடு, பருமனான தம்பிக்கு வேறு சாப்பாடு என்ற பிரிவினையும் கூடாது. மாற்றம் வீடு முழுவதற்கும் ஒன்றாக வர வேண்டும்.

ஓட்டம், மழை, உறக்கம்

5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை; இருபது இருபது நிமிடமாகப் பிரிக்கலாம். டியூஷனை வாரத்தில் இரண்டு நாள் குறைக்க முடியுமானால், அந்த இரண்டு நாளும் விளையாட்டுக்குப் போகட்டும். தூத்தூர்ப் பக்கம் கால்பந்து தானாகவே நடக்கிறது. உள்ளூர்ப் பக்கங்களில் அடிமுறை, சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் ஆசான்கள் இருக்கிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் பின்தங்கிக் கூசும் பருத்த பிள்ளைக்கு இவை பொருத்தமானவை, ஏனெனில் இங்கே வேகத்தைவிட அடவு முக்கியம். நீச்சலும் அப்படியே, ஆனால் குளத்திலோ ஆற்றிலோ நீந்தத் தெரிந்த பெரியவர் கூடவே இறங்க வேண்டும். சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ மணலில் நடப்பது போதும், கடலில் இறங்க வேண்டாம்.

இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் இது. சூன் தொடங்கி டிசம்பர் வரை "மழை" என்பது விளையாடாமல் இருக்க ஒரு நிரந்தரக் காரணமாகிவிடும். கயிறு தாண்டுதல், மாடிப்படி ஏறி இறங்குதல், வீடு பெருக்கித் துடைத்தல் ஆகியவற்றை மழைநாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது என்பதால், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாமலும், பதின்பருவத்தினர் 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் உறங்க வேண்டும். இரவில் கைப்பேசிகளெல்லாம் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருந்தால் அதை அழுக்கென்று எண்ணித் தேங்காய் நாரால் தேய்க்காதீர்கள்; இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். உறங்கும்போது குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறலும், அடிக்கடி தலைவலி, முழங்கால் அல்லது இடுப்பு வலியோடு நொண்டுதல், மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீரும், பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தப்பிப்போதல் ஆகிய எதுவாயினும் காத்திருக்க வேண்டாம். மிகுதியாக உண்பதால் பருமனாகும் பிள்ளை பொதுவாக வயதுக்குச் சற்று உயரமாகவே இருக்கும். பருமனாகவும், வகுப்பிலேயே குட்டையாகவும் இருக்கும் பிள்ளைக்குத் தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவு இருக்கிறது. போகும்போது நாள்காட்டித் தாளில் நீங்கள் எழுதிய குறிப்பையும், உயர எடைக் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தமும், தேவைப்பட்டால் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளும் மருத்துவர் பார்ப்பார். தொடரும் நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் பிள்ளையானால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாராவாரம் எடைக்கருவியில் ஏற்றாதீர்கள். உயரமும் எடையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இடையில் கொடைவிழா, கிறிஸ்துமஸ் கேக், இரண்டு வகைப் பாயசத்தோடு கல்யாணம் என்று கணக்கு ஒரு வாரம் சறுக்கினால், மறுநாள் நாலு மணிக்கு மீண்டும் பயறு அவித்தால் சரி. என் மகன் இப்போது எட்டாம் வகுப்பு. அவன் எடை எவ்வளவு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அதைச் சொல்வதில்லை என்று நானும் அவனும் முடிவு செய்திருக்கிறோம்.